இரண்டு கிளினிக் நாட்களுக்கு நடுவில்

தெல்தோட்டை, கலஹா, புசல்லாவைப் பக்கத்திலிருந்து கண்டிக்குக் கிளினிக் வருகிறவர்கள் விடியுமுன்னே வீட்டைவிட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். முதல் பஸ்ஸை விட்டால் நம்பர் பின்னுக்குப் போய்விடும். வெறும் வயிற்றில் இரத்தம் கொடுக்க வேண்டும் என்பதால் வாயில் தேத்தண்ணிகூடப் படாது. கையில் மூலை மடங்கிய கிளினிக் கொப்பி, காலியான குளிசைப் பைகள், ஒரு குடை. வரிசை நகர்ந்து டொக்டர் முன்னால் உட்காரும்போது வெயில் ஏறியிருக்கும். "சீனி கூடியிருக்கு, சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளுங்க" என்ற வார்த்தையோடு குளிசையும் அடுத்த திகதியும் கைக்கு வரும். அவ்வளவுதான்.

மாதம் ஒரு தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தாலும், வருடம் முழுக்க டொக்டரோடு கழிகிற நேரம் ஒரு மணித்தியாலம். வருடத்துக்கு மணித்தியாலங்கள் 8,760. மிச்சமுள்ள 8,759 மணித்தியாலமும் என்ன சாப்பிடுவது, ஊசியை எப்போது போடுவது, காலில் பட்ட கீறலை என்ன செய்வது என்று முடிவெடுப்பவர் நோயாளிதான். சீனி வருத்தத்தில் படிப்பும் மருந்தும் வேறு வேறல்ல என்று சொல்வது இதனால்தான்.

இது புதுக் கண்டுபிடிப்பும் அல்ல. அமெரிக்க மருத்துவர் எலியட் ஜோஸ்லின், டொக்டரும் நோயாளியும் சேர்ந்து படிப்பதற்கென்றே ஒரு நீரிழிவுக் கையேட்டை 1918இல் வெளியிட்டார். மனிதருக்கு முதல் இன்சுலின் ஊசி போடப்பட்டது 1922 ஜனவரியில். கொடுக்க மருந்தே இல்லாத காலத்திலும் நோயாளிக்குக் கற்பிப்பதை ஒரு வைத்தியமாக அவர் எண்ணினார். இலங்கையில், இலங்கை மருத்துவச் சங்கம் உலக நீரிழிவு மன்றத்தின் உதவியோடு நடத்திய 'நிரோகி லங்கா' திட்டம், தாதியரையே நீரிழிவுக் கல்வியாளர்களாகப் பயிற்றுவித்தது. கிளினிக்கில் அப்படிப் பயிற்சி பெற்ற மிஸ் இருந்தால் அவரிடம் பத்து நிமிடம் கேட்டு வாங்கிக்கொள்வது நல்லது. வரிசையில் இடம் போனாலும் நட்டமில்லை.

தேவை எவ்வளவு பெரிது என்பதற்கு ஒரு கணக்கு உண்டு. 2005-2006இல் நாடளாவிய ரீதியில் நடந்த ஆய்வில், 20 வயதைத் தாண்டியவர்களில் 10.3 சதவீதமானோருக்கு நீரிழிவு இருந்தது, நகரப்புறத்தில் 16.4, கிராமப்புறத்தில் 8.7. அவர்களில் மூன்றில் ஒரு பங்கிற்கும் மேலானோருக்குத் தங்களுக்கு அந்த வருத்தம் இருப்பதே தெரியாது. வீட்டில் ஒருவருக்கு இருந்தால் 35 வயது தாண்டிய மற்றவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும். அதற்கென்றே சுகாதார அமைச்சின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்கள் 2011 முதல் இயங்குகின்றன. அங்கே காசு கேட்பதில்லை.

கிளினிக் நாளிலிருந்தே தொடங்கலாம். இரத்தம் கொடுக்கும்வரை பச்சைத் தண்ணீர் குடிக்கலாம், அதற்குத் தடையில்லை. தடை இன்சுலினுக்கும் சீனிக் குளிசைக்கும்தான். 'டொக்டரிடம் போகிறோம், மருந்தைத் தவறவிடக் கூடாது' என்று நினைத்து வீட்டிலேயே ஊசியைப் போட்டுக்கொண்டு, சாப்பிடாமல் பஸ் ஏறுகிறவர்கள் உண்டு. மலைப் பாதையில் ஒன்றரை மணி நேரம் குலுங்கி, வரிசையில் நின்று, மயங்கி விழுவது அவர்கள்தான். காலைச் சாப்பாட்டைப் பொட்டலம் கட்டி, ஊசியையும் குளிசையையும் பையில் வைத்துக்கொண்டு வர வேண்டும். இரத்தம் எடுத்த பிறகு, சாப்பாட்டு நேரத்தோடு சேர்த்து மருந்தைப் போடுவதுதான் முறை.

வெறும் வயிற்றுச் சீனி அன்று காலையின் கதையை மட்டுமே சொல்லும். கிளினிக்குக்கு இரண்டு நாள் முன்பிருந்து சோற்றைக் குறைத்து, தேத்தண்ணிக்குச் சீனி போடாமல் இருந்து, நல்ல இலக்கத்தோடு வீடு திரும்புகிற சாமர்த்தியசாலிகள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். எச்.பி.ஏ1.சி என்ற சோதனை அந்தச் சாமர்த்தியத்துக்கு மசியாது. அது கடந்த இரண்டு மூன்று மாதத்துச் சராசரியைக் காட்டும். பெரும்பாலானோருக்கு 7 சதவீதத்துக்குக் கீழ் வைப்பது இலக்கு. வயது போனவர்களுக்கும் அடிக்கடி சீனி இறங்குகிறவர்களுக்கும் டொக்டர் கொஞ்சம் தளர்த்துவார். பிரித்தானியாவில் இருபது வருடம் நடந்த பெரிய ஆய்வின் தரவு, இந்த அளவு ஒரு சதவீதம் இறங்கினால் கண், சிறுநீரகம் போன்ற நுண்குழாய்ப் பாதிப்புகள் 37 சதவீதம் குறைந்து காணப்பட்டதாகச் சொன்னது. ஒன்று மட்டும்: இரும்புச்சத்துக் குறைந்து இரத்தசோகை உள்ளவருக்கு இந்த இலக்கம் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டக்கூடும். தேயிலைத் தோட்டத்துப் பெண்களிடம் இரத்தசோகை அரிதல்ல என்பதால், அப்படி இருந்தால் டொக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

இனிச் சாப்பாடு. முதலில் தேத்தண்ணியைத்தான் பேச வேண்டும்.

ஜேம்ஸ் டெய்லர் 1867இல் இலங்கையின் முதல் வர்த்தகத் தேயிலையை நட்ட லூல்கந்தூரத் தோட்டம் இதே கண்டி மாவட்டத்தில்தான், கலஹா, தெல்தோட்டைக்கு அருகில் இருக்கிறது. தேயிலையில் சீனி இல்லை. சீனி கோப்பையில்தான் சேர்கிறது. காலையில் ஒன்று, பத்து மணிக்கு ஒன்று, மலையிலிருந்து இறங்கியதும் ஒன்று, பின்னேரம் ஒன்று, விருந்தாளி வந்தால் இன்னொன்று. கோப்பைக்கு மூன்று கரண்டி என்றால் நாளைக்குப் பதினைந்து கரண்டி. நிரப்பிய தேக்கரண்டி ஐந்து கிராம் என்று வைத்தால் 75 கிராம். நீரிழிவு இல்லாதவர்களுக்கே சேர்க்கும் சீனியை நாளைக்கு 50 கிராமுக்குள் வைக்கச் சொல்கிறது உலக சுகாதார அமைப்பு. 25 கிராமுக்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. சோற்றைக் குறைக்கச் சொல்லி நோயாளியோடு மல்லுக்கட்டுவதற்கு முன் இந்தப் பதினைந்து கரண்டியைக் கேட்டிருக்கலாம். ஒரேயடியாக விட முடியாதவர் கிழமைக்கு அரைக் கரண்டி வீதம் குறைத்து வந்தால் ஆறாவது கிழமையில் வெறும் சாயத்துக்கு வந்துவிடலாம். நாக்கு பழகிவிடும். இஞ்சியோ ஏலக்காயோ போட்டால் இன்னும் சீக்கிரம் பழகும். சீனியை மட்டும் குறைத்து, சீனி கலந்த மோல்ட் மாவைக் கரைத்துக் குடித்தால் கணக்கு பழைய இடத்துக்கே போய்விடும்.

சீனிக்குப் பதில் கித்துல் கருப்பட்டி நல்லது என்ற நம்பிக்கையைக் கண்டிப் பக்கத்தில் அசைப்பது கடினம். கேகாலை வீதியோரக் கடைகளில் ஓலையில் சுற்றித் தொங்குகிற கருப்பட்டி சுத்தமானதாக, வாசனையானதாக இருக்கலாம். அதிலும் பெரும்பகுதி சுக்ரோஸ்தான், அதாவது வெள்ளைச் சீனியில் இருக்கும் அதே பொருள். கித்துல் பாணியும் அப்படியே. தயிரின் மேல் ஒரு கரண்டி ஊற்றினால் அதைச் சீனிக் கணக்கில்தான் எழுத வேண்டும். கலப்படக் கருப்பட்டியில் நேரடியாகவே சீனி காய்ச்சிச் சேர்க்கப்படுகிறது என்பது தனிக் கதை.

குளிர்பானப் போத்தலில் நிற அடையாளம் 2016 ஆகஸ்டில் வந்தது. 100 மில்லிலீற்றரில் 11 கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு, 2 முதல் 11 வரை மஞ்சள், அதற்குக் கீழே பச்சை என்று அன்று வகுத்தார்கள். மஞ்சளைக் கண்டு ஏமாறக் கூடாது. அந்த வகுப்பில் 8 கிராமும் மஞ்சள்தான். 400 மில்லிலீற்றர் போத்தலைக் குடித்து முடித்தால் 32 கிராம், ஆறு கரண்டிக்கு மேல்.

தோட்டத்துப் பிரதான உணவு கோதுமை மா ரொட்டி. 'சோறு சாப்பிடாதே' என்ற புத்திமதியைக் கேட்டு, சோற்றுக்குப் பதில் நான்கு ரொட்டி சாப்பிடுகிறவருக்கு ஒரு பலனும் இல்லை, இரண்டும் மாச்சத்துதான். பெயரைவிட அளவு முக்கியம். தட்டில் பாதி கீரை, காய். கால் பங்கு பருப்பு, மீன், முட்டை, கடலை. மிச்சக் கால் பங்கு சோறோ ரொட்டியோ இடியப்பமோ. வெள்ளை மாவில் ஒரு பங்கைக் குரக்கன் மாவாக மாற்றினால் ரொட்டி கொஞ்சம் கறுக்கும், ஆனால் பசி தாங்கும். குரக்கன் என்பதற்காக அளவில்லாமல் சாப்பிடலாம் என்று அர்த்தமில்லை. பலாக்காய், ஈரப்பலா, மரவள்ளி எல்லாம் கறியாகத் தட்டில் வந்தாலும் அவை அந்தக் கால் பங்குக்குள் அடங்க வேண்டியவை. சோற்றோடு ஈரப்பலாக் கறி என்றால் சோற்றோடு சோறுதான்.

நடப்பதைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. திருகோணமலை வீதிக் கடையில் காலை முதல் இரவு வரை கல்லாவில் உட்கார்ந்திருப்பவர் கிழமைக்கு 150 நிமிடமாவது வேகமாக நடக்க வேண்டும். கண்டி வாவியைச் சுற்றினால் மூன்று கிலோமீற்றருக்குச் சற்று மேல் வரும், ஏற்றமும் கிடையாது. ஆனால் கூடையைச் சுமந்து நாள் முழுக்க மலை ஏறி இறங்குகிற பெண்ணிடம் அதே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து 'தினமும் அரைமணி நடங்க' என்று சொல்வது அவரைக் கேலி செய்வது போலத்தான். அவருக்குப் பேச வேண்டியது தேத்தண்ணியும் ரொட்டியும் செருப்பும்.

குளிசைக்கு வருவோம். மெட்ஃபோர்மினைச் சாப்பாட்டோடு அல்லது சாப்பிட்ட கையோடு போட்டால் வயிற்றைப் புரட்டுவது குறையும். கிளிக்ளசைட் சாப்பாட்டுக்குச் சற்று முன். அதைப் போட்டுவிட்டுச் சாப்பாட்டைத் தவறவிடக் கூடாது. வருடக்கணக்காக மெட்ஃபோர்மின் எடுப்பவருக்கு, குறிப்பாகச் சைவக்காரருக்கு, விட்டமின் பி12 குறைந்து கால் மரத்துப்போகலாம்; அதைச் சோதிக்கக் கேட்கலாம்.

கண்டியில் பலர் இரண்டு இடத்தில் மருந்து எடுக்கிறார்கள்: மாதக் கிளினிக் ஒன்று, அவசரத்துக்குத் தனியார் டொக்டர் ஒன்று. இதில் ஒரு கண்ணி இருக்கிறது. அரச மருந்துப் பையில் மருந்தின் பொதுப் பெயர் எழுதியிருக்கும். தனியார் பார்மசியின் பெட்டியில் கம்பனிப் பெயர் பெரிதாக நிற்கும். இரண்டும் ஒரே கிளிக்ளசைட் என்பது தெரியாமல் இரண்டையும் போட்டுக்கொண்டால் சீனி பாதாளத்துக்கு இறங்கும். மருந்தை அதன் பொதுப் பெயரால் எழுத வேண்டும் என்று இந்த நாட்டில் போராடியவர் பேராசிரியர் சேனக பிபிலே. கண்டி திரித்துவக் கல்லூரியில் படித்தவர், பேராதனை மருத்துவ பீடத்தின் பீடாதிபதியாக இருந்தவர், 1971இல் அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் உருவானபோது அதன் முதல் தலைவர். 'ஒசுசல' கடைகள் அந்தக் கூட்டுத்தாபனத்தினுடையவை. பெட்டியில் சின்ன எழுத்தில் உள்ள பொதுப் பெயரைக் கிளினிக் கொப்பியின் பின்னட்டையில் எழுதிவைத்து, எந்த டொக்டரிடம் போனாலும் அந்தப் பக்கத்தைக் காட்ட வேண்டும். 2022 மார்ச்சில் மருந்துத் தட்டுப்பாட்டால் பேராதனை போதனா வைத்தியசாலையே வழமையான சத்திரசிகிச்சைகளை நிறுத்துவதாக அறிவித்த நாட்களில், வேறு கம்பனியின் அதே மருந்தைத் தேடிப் பிடிக்க உதவியதும் இந்தப் பொதுப் பெயர்தான்.

கைமருந்தை டொக்டரிடம் மறைப்பதும் இதே வகை ஆபத்து. கொத்தலா ஹிம்புட்டுக் கொடியின் கட்டையில் கடைந்த குவளைகள் கண்டி, பேராதனைக் கைவினைக் கடைகளில் விற்கின்றன. இரவில் தண்ணீர் ஊற்றிவைத்துக் காலையில் குடிப்பார்கள். சித்த மருத்துவம் கடலழிஞ்சில் என்று அழைக்கிற இந்தக் கொடியில் விஷயம் இருக்கிறது. 51 நோயாளிகளிடம் அதன் தேநீரைச் சோதித்து 2005இல் வெளியான இலங்கை ஆய்வில், எச்.பி.ஏ1.சி ஓரளவு இறங்கியது. ஆனால் அங்கே கொடுத்தது அளந்த தேநீர். குவளைத் தண்ணீரில் எவ்வளவு இறங்குகிறது என்று யாரும் அளந்து விற்பதில்லை. இதையோ கோவையிலைச் சம்பலையோ கிளிக்ளசைட்டோடு தினமும் சேர்ப்பவர் டொக்டரிடம் சொல்லியே ஆக வேண்டும். குளிசையை நிறுத்திவிட்டு இதை மட்டும் எடுப்பது கூடவே கூடாது.

இன்சுலினில் ஒரு தவறு மிகவும் பயங்கரமானது. அதை விரிவாகச் சொல்ல வேண்டும். இலங்கையில் பொதுவாகக் கிடைக்கும் இன்சுலின் போத்தல், மில்லிலீற்றருக்கு 100 அலகு கொண்டது. அதற்குரிய சிரிஞ்சின் மூடி செம்மஞ்சள். இந்தியாவில் 40 அலகுப் போத்தலும் புழக்கத்தில் உண்டு. அதற்குரிய சிரிஞ்சின் மூடி சிவப்பு. திருச்சிக்கோ சென்னைக்கோ போய்வந்த உறவுக்காரர் அன்போடு ஒரு பெட்டி சிரிஞ்ச் வாங்கிவந்து கொடுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20 என்ற கோடு வரை இங்கத்தைய இன்சுலினை இழுத்தால் உள்ளே போவது 20 அலகு அல்ல, 50 அலகு. இரண்டரை மடங்கு! தூக்கத்திலேயே ஆளைக் கொண்டுபோகக்கூடிய அளவு. போத்தலில் எழுதிய இலக்கமும் சிரிஞ்சில் எழுதிய இலக்கமும் ஒன்றா என்று ஒவ்வொரு புதுப் பெட்டிக்கும் பார்க்க வேண்டும்.

கலவை இன்சுலினை இழுக்குமுன் போத்தலை உள்ளங்கைகளுக்கு நடுவே மெதுவாக உருட்ட வேண்டும். அடியில் படிந்த வெள்ளை முழுவதும் கலந்து ஒரே பால்நிறம் ஆகும்வரை. குலுக்கினால் நுரை கட்டி அளவு பிசகும். ஊசி போட்டு அரைமணிக்குள் சாப்பாடு முன்னால் இருக்க வேண்டும். வயிற்றில் ஒரே இடத்தில் குத்தினால் அங்கே கட்டி தடிக்கும். வலி குறைவு என்று அங்கேயே குத்திக்கொண்டிருந்தால் மருந்து ஒழுங்காக ஏறாது. இடத்தை மாற்ற வேண்டும்.

குளிர்சாதனப் பெட்டி இல்லாத லயத்து வீட்டிலும் இன்சுலினைக் காக்கலாம். திறந்த போத்தல் 25 முதல் 30 பாகைக்குள் இருந்தால் ஏறக்குறைய நான்கு கிழமை தாங்கும். கண்டியின் காலநிலை அதற்குப் பெரும்பாலும் ஒத்துவரும், தகரக் கூரையின் அடியில் கொதிக்கும் மத்தியானத்தைத் தவிர. ஒரு மண்சட்டிக்குள் சிறு சட்டியை வைத்து, இடையில் ஈர மணல் போட்டு, இன்சுலினைப் பொலித்தீனில் சுற்றி உள்ளே வைத்து, ஈரத்துணியால் மூடி, அடுப்புக்கு எட்டத்தில் நிலத்தில் வைத்தால் போதும். பெட்டி உள்ள வீட்டில் நடுத்தட்டில் வைக்கலாம். உறைந்துபோன இன்சுலினைப் பாவிக்கக் கூடாது.

சீனி 70 மில்லிகிராமுக்குக் கீழே இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், பசி பிடுங்கும், சிலருக்கு வெறும் எரிச்சலும் உளறலும்தான் வரும். உடனே மூன்று கரண்டி சீனியைத் தண்ணீரில் கரைத்துக் குடிக்க வேண்டும். சாக்லட் வேண்டாம், அதன் கொழுப்பு சீனி ஏறுவதைத் தாமதப்படுத்தும். பதினைந்து நிமிடத்தில் தெளியாவிட்டால் மறுபடியும் அதே அளவு, தெளிந்த பிறகு பிஸ்கட்டோ ரொட்டியோ. மலையில் வேலை செய்பவர் சீனிப் பொட்டலத்தைக் கூடைக்குள் அல்ல, இடுப்பில் முடிந்துவைக்க வேண்டும். பஸ், முச்சக்கரவண்டி ஓட்டுகிறவர் கைக்கெட்டும் இடத்தில். மயங்கியவரின் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. சரித்துப் படுக்கவைத்து, 1990க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும்.

அக்குறணை, கட்டுகஸ்தோட்டை, மாவில்மடைப் பக்கத்தில் நோன்பு பிடிக்க விரும்புகிறவர்கள் ரமழானுக்கு ஓரிரு மாதம் முன்பே டொக்டரிடம் பேச வேண்டும். மருந்தின் நேரமும் அளவும் சஹருக்கும் நோன்பு திறக்கும் நேரத்துக்கும் ஏற்ப மாறும்; சிலருக்கு, முக்கியமாகச் சிறுநீரகம் பழுதானவர்களுக்கு, நோன்பே ஆபத்து. விரலில் குத்திச் சீனி பார்த்தால் நோன்பு முறியாது என்பது உலமாக்கள் பலரின் கருத்து. 70க்குக் கீழே இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட வேண்டும்.

கடைசியாகக் கால். சீனி பல வருடம் கூடியிருந்தால் பாதம் உணர்விழக்கிறது. வலி தெரியாததே அதன் கொடுமை. மழைக் காலத்தில் தேயிலைக்குள் அட்டை கடித்தால் மற்றவர் அரிப்பில் கண்டுபிடிப்பார். உணர்விழந்த காலுக்கு அட்டை வயிறு முட்டக் குடித்து விழுந்த பிறகும் தெரியாது. அட்டையின் உமிழ்நீர் இரத்தத்தை உறைய விடாது, கடிவாய் ஈரத்தில் ஊறும், பிறகு சீழ்பிடிக்கும். அட்டையை நெருப்பால் சுட்டு எடுக்கக் கூடாது. நகத்தால் தள்ளிவிட்டு, சவர்க்காரம் போட்டுக் கழுவி, துடைத்து, சுத்தமான துணியால் கட்ட வேண்டும். குளிர் விடியலில் அடுப்படியில் காலை நீட்டிக் குளிர்காய்வதும், வெந்நீரில் நேராகக் காலை வைப்பதும் கொப்புளத்தில் முடியும். நீரின் சூட்டை முழங்கையால் பார்க்க வேண்டும். தலதா மாளிகையிலும் கட்டுக்கலைப் பிள்ளையார் கோயிலிலும் செருப்பைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அதனால் கல் சுடாத காலையிலோ பின்னேரத்திலோ போகலாம், தடித்த மேஸ் போட்டுக்கொள்ளலாம். ஒவ்வொரு இரவும் பாதத்தின் அடியையும் விரலிடுக்கையும் பார்க்க வேண்டும். குனிய முடியாதவருக்குப் பேரப்பிள்ளை பார்த்துச் சொல்லலாம், அல்லது நிலத்தில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொள்ளலாம். சிவந்தாலோ, நாறினாலோ, புண் இரண்டு நாளில் வற்றாவிட்டாலோ அடுத்த கிளினிக் திகதிக்குக் காத்திருக்கக் கூடாது. அன்றே வெளிநோயாளர் பிரிவுக்குப் போக வேண்டும். காய்ச்சலோ வாந்தியோ வந்த நாளிலும் அப்படித்தான்: சாப்பிட முடியாவிட்டாலும் இன்சுலினைத் தானாக நிறுத்தக் கூடாது, மெட்ஃபோர்மினை மட்டும் வாந்தி நிற்கும்வரை நிறுத்தி, கிளிக்ளசைட் எடுப்பவர் அதைப் போடலாமா என்று கேட்டு, கொப்பியையும் மருந்துப் பைகளையும் எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் புறப்பட வேண்டும்.